முன்வரிசை நாற்காலி யாருக்கு?

அமெரிக்காவில் டாலஸ் புறநகரில் வசிக்கும் வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளையோ பள்ளியையோ காட்டிக்கொடுக்கும் விவரங்களை மாற்றிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருடைய மகள் அங்குள்ள அரசுத் தொடக்கப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளியின் பெற்றோர்-ஆசிரியர் அமைப்புக்கு, அங்கே எல்லோரும் சொல்கிறபடி பிடிஓவுக்கு, சென்ற ஆகஸ்ட் முதல் இவர்தான் பொருளாளர். "கணக்கு எழுதத் தெரியும் என்று ஒருதடவை வாய்தவறிச் சொன்னேன், பிடித்துப் போட்டுவிட்டார்கள்" என்கிறார். புத்தகக் கண்காட்சி, நிதி திரட்டப் பிள்ளைகள் ஓடும் ஃபன் ரன், ஆசிரியர் பாராட்டு வாரம் என்று வருடம் முழுக்க வேலை.

பிடிஓவை நடத்தும் நிர்வாகக் குழுவான போர்டில் எட்டுப் பேர். அந்த எட்டுப் பேருக்கும் வழிவழியாகச் சில சலுகைகள் உண்டு. பள்ளி நிகழ்ச்சிகளில் முதல் இரண்டு வரிசை. வாசலை ஒட்டி வண்டி நிறுத்த இடம். பள்ளி விட்டபின் நடக்கும் செஸ், ரோபோட்டிக்ஸ் வகுப்புகளுக்கு மற்றவர்களுக்கு ஒரு நாள் முன்பே பதிவு. அடுத்த வருடம் பிள்ளைக்கு எந்த டீச்சர் என்பதில் முதல்வரிடம் ஒரு வார்த்தை. மே மாதம் ஆளுக்கு 150 டாலர் கிஃப்ட் கார்டு. மொத்தம் 1,200 டாலர், பட்ஜெட்டில் "உபசரிப்பு" என்ற தலைப்பில் உட்கார்ந்திருக்கிறது. அதற்கான செக்கில் கையெழுத்துப் போட வேண்டியவர் இவர். இது போதாதென்று அடுத்த வருடத்துக்குத் தலைவர் ஒரு பாயிண்ட் திட்டம் வைத்திருக்கிறார்: உழைத்த ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 10 டாலர் என்று கணக்கிட்டு, அவரவர் பிள்ளையின் வகுப்புக் கட்டணத்தில் கழித்துக்கொள்ளலாம்.

இவரை உறுத்தியது டிசம்பர் நிகழ்ச்சி. ஊரிலிருந்து வந்திருந்த ஒரு பாட்டி, நாற்காலிகளில் ஒட்டியிருந்த நீல டேப்பைக் கவனிக்காமல் முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டார். போர்டு உறுப்பினர் ஒருவர் சிரித்த முகத்தோடுதான் எழுந்திருக்கச் சொன்னார். பாட்டிக்கு அவர் பேசிய ஆங்கிலம் புரியவில்லை. நம் வாசகியைக் கூப்பிட்டுத் தமிழில் சொல்லவைத்து எழுப்பினார்கள். "பேரன் மேடையில் வந்து போகும்வரை பாட்டி சுவர் ஓரமாக நின்றார். அந்த வரிசையில் மூன்று நாற்காலி கடைசிவரை காலி. நாலாவது நாற்காலியில் நான்" என்று எழுதியிருக்கிறார். மறுநாள் வாட்ஸ்அப் குழுவில் பாட்டியின் மருமகள், மருத்துவமனையில் நைட் ஷிஃப்ட் நர்ஸ், ஒரே வரி போட்டார்: "எனக்கும் பகலில் நேரம் இருந்தால் வாலண்டியர் செய்து முன்னால் உட்கார்ந்திருப்பேன்."

இதெல்லாம் தப்பா, சட்டப்படி எனக்கு ஏதாவது வருமா, "இதுகூட இல்லையென்றால் யார் வேலைக்கு வருவார்கள்" என்று தலைவர் கேட்பதும் நியாயம்தானே, பேசாமல் விலகிவிடட்டுமா என்று கேட்கிறார். கடைசியில், வாலைப் போல ஒரு கேள்வி: "எங்கள் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் சொல்லிக்கொடுக்கும் பெற்றோரின் பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. அதுவும் இதில் சேர்த்தியா?"

சகோதரி, முதலில் பயத்தை இறக்கி வையுங்கள். இதற்காக யாரும் உங்களை உள்ளே தள்ளப்போவதில்லை. நீங்கள் இன்னும் அந்தக் கிஃப்ட் கார்டு செக்கில் கையெழுத்துப் போடவும் இல்லை. அதே சமயம், "சின்னத் தொகை, யார் கேட்கப்போகிறார்கள்" என்று உங்கள் தலைவர் சொல்வதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இப்படிப்பட்ட அமைப்புகளின் வழக்குகளையும் வம்புகளையும் பார்த்துப் பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன்: பிளவு பெரிய தொகையில் வருவதைவிட நாற்காலியிலும் பார்க்கிங்கிலும் வருவதே அதிகம்.

எல்லாச் சலுகைகளையும் ஒரே மூட்டையாகக் கட்டிச் சரியா தப்பா என்று கேட்டிருக்கிறீர்கள். மூட்டையை அவிழ்த்து ஒவ்வொன்றிடமும் இரண்டு கேள்வி கேளுங்கள். இதைக் கொடுக்கும் உரிமை பிடிஓவுக்கு இருக்கிறதா? இதை உங்களுக்குக் கொடுத்தால் வேறு யாருக்குக் குறைகிறது?

அந்த 1,200 டாலர்

உங்கள் பிடிஓ 501(சி)(3) பிரிவில் வரிவிலக்குப் பெற்ற அமைப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த விலக்கின் ஆதார நிபந்தனையே, அமைப்பின் பணம் அதை நடத்துகிறவர்களின் சொந்தப் பயனுக்குப் போகக் கூடாது என்பதுதான். அப்படியானால் மீட்டிங்கில் பீட்சா வாங்குவது குற்றமா என்று பதறாதீர்கள். காபி, டி-ஷர்ட், வருடக் கடைசியில் எல்லோரும் சேர்ந்து ஒரு சாப்பாடு போன்ற, கணக்கு வைப்பதே வீண்வேலை என்கிற அளவுச் சின்ன விஷயங்களை வரிச்சட்டம் கண்டுகொள்வதில்லை. இத்தனை டாலர்வரை என்று உச்சவரம்பும் அதில் எழுதப்படவில்லை. ஆனால் ரொக்கத்துக்கு அந்தத் தயவு கிடையாது. எந்தக் கடையிலும் எதையும் வாங்கிக்கொள்ளக்கூடிய கிஃப்ட் கார்டு அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ் பார்வையில் ரொக்கமேதான். அழகான உறையில் போட்டு நன்றி என்று எழுதிக் கொடுத்தாலும் அது 150 டாலர் சம்பளம்.

சம்பளம் கொடுப்பதும் சட்டவிரோதம் இல்லை. சம்பளம் என்று எழுதி, முடிவைப் பதிவுசெய்து, வாங்குகிறவர் தன் வருமானத்தில் காட்ட வேண்டும். அதை "உபசரிப்பு" என்ற முக்காட்டுக்குள் வைப்பதுதான் சிக்கல். நிர்வாகிகளுக்குப் போன பலன் சம்பளமாகப் பதிவாகவில்லை என்றால், வரிச்சட்டத்தின் 4958-வது பிரிவின்படி அதை மிகைப்பலன் என்று எடுத்துக்கொள்ள இடம் உண்டு. வாங்கியவர் திருப்பிக் கட்ட வேண்டும், அதன்மேல் 25 சதவீத வரியும் கட்ட வேண்டும். தப்பென்று தெரிந்தே அனுமதித்த நிர்வாகிக்குத் தனியாக 10 சதவீதம். 150 டாலரில் 25 சதவீதம் 37 டாலர் 50 சென்ட், சிரிப்பாகத்தான் இருக்கும். உங்கள் இடத்தில் இருந்தால் எனக்கு அந்த வரியைவிட வேறொன்று உறுத்தும்: கணக்கு நோட்டில் "உபசரிப்பு" என்று எழுதிய கையெழுத்து என்னுடையதாக இருப்பது.

"போர்டு ஓட்டெடுப்பு நடத்தித்தானே முடிவுசெய்தோம்" என்று கேட்டிருக்கிறீர்கள். எட்டுப் பேருக்கான பரிசை அதே எட்டுப் பேர் கை தூக்கி நிறைவேற்றியிருக்கிறீர்கள். பந்தியில் உட்கார்ந்தவரே பரிமாறிக்கொண்ட கதை. பொது உறுப்பினர் கூட்டத்தில், "நிர்வாகிகளுக்குக் கிஃப்ட் கார்டு, 1,200 டாலர்" என்று அந்த வார்த்தைகளிலேயே வாசித்து ஓட்டுக்கு விட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். வாசிக்கக் கூச்சமாக இருந்தால் அதுவே பதில்.

பாயிண்ட் திட்டம் வேண்டவே வேண்டாம்

கிஃப்ட் கார்டு ஒரு தவறு என்றால், அடுத்த வருடத் திட்டம் அமைப்பையே சாய்க்கக்கூடியது. இதற்கு ஒரு வழக்கு இருக்கிறது. வர்ஜீனியாவில் ஜிம்னாஸ்டிக்ஸ் பயிலும் பிள்ளைகளின் பெற்றோர் நடத்திய கேபிடல் ஜிம்னாஸ்டிக்ஸ் பூஸ்டர் கிளப். கிளப்புக்காகப் பொருள் விற்று நிதி திரட்டிய பெற்றோருக்குப் பாயிண்ட் கிடைக்கும். அந்தப் பாயிண்ட் அவரவர் பிள்ளையின் போட்டிச் செலவில் கழியும். விற்காதவர்கள் முழுச் செலவையும் கையிலிருந்து கட்டினார்கள். பாடுபடுகிறவருக்குத்தானே பலன் போக வேண்டும், சும்மா இருப்பவருக்கு எதற்கு என்பதுதான் கிளப்பின் வாதம். கேட்டால் யாருக்கும் நியாயம் என்றுதான் படும், உங்கள் தலைவருக்குப் படுவதைப் போல. 2013-இல் வரி நீதிமன்றம் ஐஆர்எஸ் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பெற்றோர் தங்கள் பிள்ளைக்காகத் தாங்களே சம்பாதித்துக்கொள்ளும் ஏற்பாடு அறப்பணி ஆகாது என்று சொல்லி, வரிவிலக்குப் பறிக்கப்பட்டதை உறுதிசெய்தது.

இன்னொன்றும் இருக்கிறது, பிடிஓக்காரர்கள் பலருக்கும் தெரியாதது. தன்னார்வலர் பாதுகாப்புக்கென்று 1997-இல் ஒரு மத்திய அரசுச் சட்டம் வந்தது. ஃபன் ரன்னில் நீங்கள் கட்டிய பந்தல் சரிந்து ஒருவருக்குக் கால் முறிந்தது என்று வையுங்கள். நீங்கள் சாதாரணக் கவனக்குறைவைத் தாண்டி எதுவும் செய்யாதவரை, நஷ்டஈட்டுக்கு உங்கள் வீட்டுக் கதவைத் தட்ட முடியாது என்று அந்தச் சட்டம் காப்பாற்றும். (கார் ஓட்டி இடித்தால் காப்பாற்றாது, வேண்டுமென்றே செய்ததையும் காப்பாற்றாது.) ஆனால் தன்னார்வலர் என்றால் யார்? கைச்செலவைத் திரும்ப வாங்குவதைத் தவிர சம்பளம் வாங்காதவர். சம்பளத்துக்குப் பதிலாக வருடத்துக்கு 500 டாலருக்குமேல் மதிப்புள்ள எதையும் பெறாதவர். மணிக்கு 10 டாலர் என்று 60 மணி நேரம் உழைக்கும் அம்மா ஒருவர் 600 டாலர் கழித்துக்கொள்கிறார். எல்லோரையும்விட அதிகமாக உழைத்தவர் அவர். பந்தல் சரிந்தால் அவரிடம்தான் குடை இருக்காது.

இந்த இரண்டு பத்தியையும் அப்படியே தலைவருக்கு அனுப்புங்கள். நல்லெண்ணத்தில்தான் திட்டம் போட்டிருப்பார்.

நாற்காலி யாருடையது

சட்டத்தை விட்டு வெளியே வருவோம். முன்வரிசை நாற்காலிக்காக ஐஆர்எஸ் உங்களுக்குக் கடிதம் எழுதாது. ஆனாலும் உங்கள் பட்டியலில் எனக்கு அதிகம் கசந்தது அதுதான்.

1,200 டாலரை எடுத்தால் எல்லாப் பிள்ளைகளுக்கும் துளித்துளியாகக் குறையும், யாருக்கும் வலி தெரியாது. முதல் இரண்டு வரிசையை எடுத்தால், இன்ன பாட்டிக்கு இன்ன பேரன் தெரியாமல் போகிறான். அரங்கம் பள்ளியுடையது, நாற்காலியும் பள்ளியுடையது. உங்களுடையதல்லாத ஒன்றை உங்களுக்கு நீங்களே நன்றிப்பரிசாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். பார்க்கிங் இடமும் அப்படியே. சாமான் இறக்குகிற நாளில் வாசலில் நிறுத்துங்கள், வேலை அது. மற்ற நாளில் எல்லோரோடும் சேர்ந்து நடந்து வாருங்கள். டீச்சரைத் தேர்ந்தெடுப்பதைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. பிள்ளைக்கு ஒரு தேவை இருந்தால் எந்தப் பெற்றோரும் முதல்வருக்கு எழுதலாம், நீங்களும் எழுதுங்கள். பதவியைச் சொல்லி எழுதாதீர்கள்.

முன்பதிவுதான் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டியது. ரோபோட்டிக்ஸில் 16 இடம், அதில் 9 இடத்தில் போர்டு உறுப்பினர்களின் பிள்ளைகள், உங்கள் மகளும் அதில் ஒருத்தி என்று நேர்மையாகச் சொல்லியிருக்கிறீர்கள். மறுநாள் காலை மற்ற பெற்றோர் அத்தனை பேரும் மிச்சம் 7 இடத்துக்குப் போட்டி போட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த 9 கணக்கு தெரியாது. "கண்மூடித் திறப்பதற்குள் நிரம்பிவிட்டது" என்றுதான் நினைத்திருப்பார்கள். தெரியவந்தால் பிடிஓவைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்பதை உங்களுக்கே விட்டுவிடுகிறேன். மகளை இப்போது வகுப்பிலிருந்து எடுக்காதீர்கள், அவள் என்ன செய்தாள். அடுத்த பருவத்துக்கு எல்லோருக்கும் ஒரே நாளில் பதிவைத் திறந்து, இடத்துக்குமேல் பெயர் வந்தால் சீட்டுக் குலுக்கிப் போடச் சொல்லுங்கள்.

ஒரு விலக்கை நானே வைப்பேன். செஸ் வகுப்பை ஒரு அப்பா சம்பளமில்லாமல் வாராவாரம் நடத்துகிறார் என்றால், அவர் பிள்ளைக்கு அதில் ஒரு இடம் இருக்கட்டும். அவர் இல்லையென்றால் வகுப்பே இல்லை, பிள்ளையை அந்த நேரத்தில் வேறெங்கே விடுவார்? அதே போல, மேடை விளக்கைப் பார்க்கிறவர் முன்னால் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். வேலைக்குத் தேவையானது வேறு, வேலைக்குப் பதிலாகக் கேட்பது வேறு. இரண்டையும் பிரிக்கத் தெரியாமல் எல்லாச் சலுகையையும் ஒழித்துக்கட்டுகிற உத்தமர்களையும் பார்த்திருக்கிறேன். அங்கே இரண்டே வருடத்தில் போர்டில் மூன்று பேர் மிஞ்சினார்கள்.

"பிறகு யார் வருவார்கள்?"

தலைவரின் கேள்வியை நான் தள்ளிவிடவில்லை. ராத்திரி பத்து மணிவரை நின்று புத்தகப் பெட்டி பிரித்தவர்களுக்கு முதுகுவலிதான் மிச்சம். அந்த மணி நேரங்களுக்கு வரியில்கூட ஒரு பைசா கழிக்க முடியாது. சாமான் வாங்கக் காஸ்ட்கோ கடைக்குக் காரில் ஓடிய மைலுக்கு 14 சென்ட் கழிவு உண்டு. 1998 முதல் அதே 14 சென்ட். பெட்ரோல் விலை ஏறியது இன்னும் சட்டத்தின் காதுக்கு எட்டவில்லை.

ஆனால் இப்போதுள்ள சலுகைகள் யாரைக் கொண்டுவந்திருக்கின்றன என்று பாருங்கள். பகல் பத்து மணிக்கு வரக்கூடியவர்களை. அவர்கள் எப்படியும் வருவார்கள். அந்த நர்ஸம்மா வர என்ன வேண்டும்? மாலையில் ஒரு மீட்டிங், மீட்டிங் நடக்கும்போது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள், சாப்பிட ஏதாவது, வீட்டிலிருந்தே செய்யக்கூடிய வேலை. வாலண்டியர் ஆவதற்குச் செலவான பணத்தை ரசீது காட்டித் திரும்ப வாங்கிக்கொள்ளும் வழி. உண்மையான செலவைத் திருப்பிக் கொடுப்பது சம்பளம் ஆகாது. நான் மேலே சொன்ன 1997 சட்டமே அதை அனுமதிக்கிறது. உங்கள் 1,200 டாலரில் வருடம் முழுக்க மீட்டிங்குக்குப் பிள்ளை பார்க்கும் ஆளை அமர்த்திவிடலாம். மிச்சத்தில் மே மாதம் ஒரு சாப்பாடு போடுங்கள். ஒரே ஒரு மணி நேரம் வந்து கப்கேக் அடுக்கியவர் பெயரும் அழைப்பில் இருக்கட்டும்.

தமிழ்ப் பள்ளிக் கதை

இதைக் கேட்டதற்கு நன்றி. நம்மவர் இந்தக் கேள்வியை அமெரிக்கப் பள்ளியிடம் கேட்பார்கள், நம் பள்ளியிடம் கேட்க மாட்டார்கள்.

வாரம் தவறாமல் ஞாயிறு காலை நின்று "அணில், ஆடு, இலை" சொல்லிக்கொடுக்கிற அம்மாவின் பிள்ளைக்குக் கட்டணம் இல்லை என்றால் எனக்கு மனசில் உறுத்தல் எதுவும் இல்லை. ஆனால் அதற்கு நன்றி என்று பெயர் வைக்காதீர்கள், அது பொருளாகக் கொடுக்கும் சம்பளம். விதிமுறையில் எழுதுங்கள், கற்பிக்கும் எல்லோருக்கும் ஒரே மாதிரி கொடுங்கள், கட்டணம் கட்டும் பெற்றோருக்கும் தெரியட்டும். இரண்டு பிள்ளைகளின் கட்டணம் சேர்ந்து 500 டாலரைத் தாண்டினால், அந்த ஆசிரியைக்கு 1997 சட்டத்தின் காப்பு போகலாம். பள்ளி எடுத்திருக்கும் காப்பீட்டில் அவர் அடங்குகிறாரா என்று ஒரு தடவை கேட்டுவையுங்கள். வரிக் கணக்கில் எப்படிக் காட்டுவது என்பதை உங்கள் ஊர்க் கணக்காளர் விதிமுறையைப் படித்துவிட்டுச் சொல்லட்டும்.

ஆண்டு விழா நாடகத்தில் நிர்வாகக் குழுவின் பிள்ளைகளே வருடாவருடம் கட்டபொம்மனாக வருவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. நானும் எதுவும் சொல்லவில்லை.

மே மாதத்துக்கு முன்

விலகாதீர்கள். இந்த நேரத்தில் விலகினால் செக்கில் வேறொருவர் கையெழுத்துப் போடுவார், அவ்வளவுதான் நடக்கும். மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் எடுத்த எடுப்பில் குண்டைப் போடவும் வேண்டாம். முதலில் தலைவரைத் தனியாகப் பாருங்கள். "நீங்கள் செய்தது தப்பு" என்று தொடங்கினால் அவர் காது அங்கேயே அடைத்துக்கொள்ளும். "இந்த வருடம் கணக்கில் என் கையெழுத்து இருக்கிறது. கிஃப்ட் கார்டை என்னால் உபசரிப்பு என்று எழுத முடியவில்லை. அந்தப் பணத்துக்கு வேறு யோசனை வைத்திருக்கிறேன், நாம் இருவரும் சேர்ந்து கொண்டுபோவோமா?" என்று கேளுங்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால், பொது உறுப்பினர் கூட்ட நிகழ்ச்சிநிரலில் சேர்க்கச் சொல்லி மின்னஞ்சலில் எழுதுங்கள், வாட்ஸ்அப்பில் அல்ல. கூட்டம் முடிவு சொல்லும்வரை கையெழுத்துப் போடாமல் இருப்பது பொருளாளரின் வேலைக்குள் அடங்கியது.

முந்தின வருடங்களில் யார் யார் வாங்கினார்கள் என்று நீங்களாகத் தோண்டப் போகாதீர்கள். அதற்குத்தான் வருடாந்திரக் கணக்குத் தணிக்கை இருக்கிறது. செக்கில் கையெழுத்துப் போடும் அதிகாரம் இல்லாதவர்கள் அதைச் செய்யட்டும்.

நாற்காலி விஷயத்துக்குக் கூட்டம், தீர்மானம் எதுவும் வேண்டாம். அது முதல்வரிடம் ஐந்து நிமிடம் பேசினால் முடிகிற வேலை. முன்வரிசையில் சக்கர நாற்காலிக்கு இடம், நடக்கச் சிரமப்படுகிற பெரியவர்களுக்கு நாலு நாற்காலி, மற்றது முதலில் வந்தவர்களுக்கு என்று கேட்டுப் பாருங்கள். வசந்தகால நிகழ்ச்சி மார்ச் கடைசியில் என்றும், அந்தப் பாட்டி ஏப்ரலில்தான் ஊருக்குக் கிளம்புகிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். டேப் ஒட்டுகிற வேலையை இந்தத் தடவை நீங்களே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.